அடையாள அட்டை போதும் என்று சொல்வது குற்றமா?

பதுளை மாவட்டத்தின் லுணுகலை, மடுல்சீமை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் வாக்காளர் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும் அரசசார்பற்ற நிறுவனங்களை இனி உள்ளே விடக்கூடாது என்கிறார் ஒரு மூத்த தொழிற்சங்கத் தலைவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. இதே பேச்சை வேறு சங்கத்து மேடைகளிலும் கேட்கிறோம். எனவே ஆளை விட்டுவிட்டு வாதத்துக்குப் பதில் சொல்கிறேன். அவர் சொல்வதன் சாரம் இது: இவர்கள் வெளியாட்கள், வெளிநாட்டுக் காசில் நடப்பவர்கள். முற்போக்கு என்ற பெயரில் ஒரு கட்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள். நம் சனத்துக்கு வாக்களிக்கத் தெரியும், யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கம் காட்டிய சின்னத்துக்கு ஒன்றாக விழுந்த வாக்கை இவர்கள் சிதறடிக்கிறார்கள். வாக்குச் சிதறினால் சமூகத்துக்குப் பிரதிநிதி இல்லாமல் போகும். ஆகவே தோட்ட நிர்வாகம் இவர்களுக்குப் பிள்ளைக்காம்பராவையும் கோயில் மண்டபத்தையும் கொடுக்கக்கூடாது.

அந்தக் கடைசிக் கோரிக்கையிலிருந்தே தொடங்கலாம். தன் அங்கத்தவர்களிடம் பேச வெளியாளை விடாதே என்று ஒரு தொழிற்சங்கத் தலைவர் துரையிடம் கேட்கிறார். மலையகத்தில் தொழிற்சங்கம் பிறந்த கதையை அறிந்த எவருக்கும் இதைக் கேட்க வெட்கமாக இருக்கும். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யரைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது என்பதில் வெள்ளைக்காரத் துரைமார் எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். அத்துமீறி நுழைவது குற்றம் என்ற சட்டம் அவர்கள் கையில் இருந்தது. நடேசய்யர் புடவை வியாபாரிகளோடு வியாபாரியாக லயத்துக்குள் போனார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதிப் பாடி, எழுத்தறியாத தொழிலாளருக்கு அவர்களுடைய உரிமையைச் சொன்னார். 1937இல் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடுகடத்த உத்தரவு பிறந்தது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. வெளியாளை விடாதே என்பது அன்று துரைமாரின் சட்டம். அதே சட்டத்தை இன்று சந்தா வாங்கும் சங்கம் தூக்கிப் பிடிக்கிறது.

வெளியாள் வந்து தொட்டதெல்லாம் தீட்டு என்றால் சங்கங்களின் பிறப்பையே தள்ளிவைக்க வேண்டிவரும். 1939இல் ஜவகர்லால் நேரு இந்தியாவிலிருந்து வந்து பேசிய பிறகுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது; இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் வேர் அது. அடுத்த ஆண்டு, 1940இல், ஊவாவில் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளைக்குப் பக்கத்திலுள்ள வேவஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தார் தொழிலாளரோடு நின்றார்கள். தொழிலாளர் தாங்களே வாக்களித்து ஒரு கவுன்சிலைத் தெரிவு செய்தார்கள். அந்தக் கவுன்சிலோடு பேசித்தான் தோட்டத்தை நடத்துவேன் என்று துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தார்கள். யாருக்கும் பயப்படாமல் தன் ஆளைத் தானே தெரிவு செய்வது எப்படி என்று பதுளைத் தோட்டத்துச் சனம் செய்து காட்டி எண்பது ஆண்டுக்கு மேலாகிறது. அந்தப் பரம்பரையைத்தான் இன்று, சங்கம் சொன்ன இடத்தில் புள்ளடி போட்டால் போதும் என்று சுருக்கப் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டுக் காசு என்ற பேச்சுக்கு வருவோம். ‘டொலர் காக்கைகள்’ என்ற வசை தென்னிலங்கையின் இனவாத மேடைகளில் பிறந்தது. நம் சனத்தின் துயரை வெளியுலகுக்குச் சொன்னவர்களின் வாயை அடைக்க அங்கே அது பயன்பட்டது. அதைக் கடன் வாங்கி மலையக மேடையில் பேசுகிறவர் 2003ஆம் ஆண்டை மறந்துவிட்டாரா? அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. சட்டம் வந்தால் மட்டும் போதவில்லை. அந்தக் கடுதாசி லயத்துக்கு வர வேண்டியிருந்தது. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் கைகொடுக்க, தொண்டர்கள் பயிற்சி பெற்று நடமாடும் நிலையங்களில் உட்கார்ந்து படிவம் நிரப்பினார்கள். பத்து நாளில் ஏறத்தாழ 190,000 பேருக்குக் குடியுரிமை கிடைத்ததாக அந்த அமைப்பே பதிவு செய்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் அந்த வேலையில் கூட நின்றது. அன்று வெளிநாட்டு உதவியோடு வந்த படிவம் நமக்கு நாட்டைக் கொடுத்தது. அந்தக் குடியுரிமையோடு வந்த வாக்கை எப்படிப் போடுவது என்று இன்று ஒருவர் சொல்ல வந்தால் மட்டும் அது சதியாகிவிடுமா?

காசைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தொண்டு நிறுவனங்களைப் பதியவும் கணக்குக் கேட்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. கேட்கட்டும். கூட்டத்துக்கு வரும் தொழிலாளியும் கேட்கட்டும். கேட்கத் தெரிந்தவர், சம்பளத்தில் வெட்டிய சந்தாவுக்கும் ஒருநாள் கணக்குக் கேட்பார்.

நம் சனத்துக்கு வாக்களிக்கத் தெரியும் என்பது அடுத்த வாதம். கேட்கப் பெருமையாக இருக்கும், ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு. வாக்களிப்பது ஒரு விஷயம், போட்ட வாக்கு எண்ணப்படுவது இன்னொரு விஷயம். 2024 செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரு கோடி 36 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். நிராகரிக்கப்பட்டவை மூன்று இலட்சம் அளவில். எட்டு வாரம் கழித்து, நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். வாக்களித்தவர் தொகை ஒரு கோடி 18 இலட்சமாகக் குறைந்தது. நிராகரிக்கப்பட்ட வாக்குகளோ ஆறு இலட்சத்து 67 ஆயிரத்துக்கு மேல் போயின. அதே நாடு, அதே மக்கள், எட்டே வாரம். இரண்டு மடங்குக்கு மேல் வாக்குகள் குப்பைக்குப் போக ஒரு காரணம் வாக்குச்சீட்டின் அமைப்பு. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சியின் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட வேண்டும், பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குக் கொடுக்கலாம். சின்னத்தை விட்டு இலக்கத்தில் மட்டும் புள்ளடி போட்டால் சீட்டே செல்லாது. இரண்டு சின்னத்துக்குப் போட்டாலும் செல்லாது. பதுளையில் ஒன்பது ஆசனத்துக்கு ஒவ்வொரு கட்சியும் பன்னிரண்டு பேரை நிறுத்துகிறது. ஒரு நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வரும் ஒரு பெண்ணிடம், ‘நம்ம தலைவர் நம்பர் ஏழு, ஏழுல போடு’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும்? அவர் ஏழில் மட்டும் போட்டுவிட்டு வருவார். தலைவருக்கும் கிடைக்காது, கட்சிக்கும் கிடைக்காது. நம்பர் சொல்லிக்கொடுத்தவர்கள் சீட்டைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாதிரி வாக்குச்சீட்டைச் சுவரில் ஒட்டி, இப்படிப் போடு, இப்படிப் போடாதே என்று காட்டுகிறவரைத்தான் வெளியே போ என்கிறார்கள்.

தோட்டத்துக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளைக் கேட்டால் தேவை எங்கே இருக்கிறது என்று விளங்கும். வாக்காளர் அட்டை வரவில்லை, வாக்களிக்க முடியுமா? முடியும். வாக்காளர் அட்டை கட்டாயமில்லை. இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும். இந்த ஒரு வரி வெளியே போனால் பலருக்கு ஏன் பதட்டம் வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. தபால் தோட்டத்து ஆபிசுக்கு வருகிறது, அங்கிருந்து யாரோ ஒருவர் கைமாற்றிக் கொடுக்கிறார். அந்த இடைக்கை யாருடையதோ அவருக்கு ஓர் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம் என்று தெரிந்த அன்றைக்கு அந்த அதிகாரம் போய்விடும்.

தேசிய அடையாள அட்டை தொலைந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை, என்ன செய்வது? தேர்தலுக்கென்று தற்காலிக அடையாள அட்டையைத் தேர்தல் ஆணைக்குழு கொடுக்கிறது. கிராம உத்தியோகத்தர் மூலம் நேரகாலத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்று மூன்று பெயரோடு வாழும் பிள்ளைகள் தோட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயரைத் திருத்தப் பதுளைக்கும் லுணுகலைக்கும் அலைய ஒரு நாள் பேரை, அதாவது அந்த நாளின் கூலியை, இழக்க வேண்டும். இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானி அறிவித்த இடங்களில்கூடத் தமிழில் படிவம் கேட்டு நிற்கிற நிலை இன்னும் போகவில்லை. அந்த அலைச்சலில் கூடப்போகிற ஆளின் கழுத்தில் தொங்கும் அட்டையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று அந்தத் தாய்க்கு ஏன் கவலை?

கொழும்பில் கடையிலும் கட்டுநாயக்காவில் தையல் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் லுணுகலையில்தான் பதிந்திருக்கிறது. தனியார் துறையில் இருப்பவருக்குத் தபால் வாக்குக் கிடையாது. ஆனால் எழுத்தில் கேட்டால் சம்பளம் வெட்டாமல் விடுமுறை கொடுக்க வேண்டும்: நாற்பது கிலோமீற்றருக்குள் அரை நாள், நூறுக்குள் ஒரு நாள், நூற்றைம்பதுக்குள் ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். லுணுகலைக்கு வர வேண்டிய பிள்ளைக்கு அந்த இரண்டு நாள் உரித்தானது. முதலாளியிடம் தயங்கித் தயங்கி ஒரு நாள் கேட்டு, அது கிடைக்காமல் அங்கேயே இருந்துவிடும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன சங்கத் தலைவர் எத்தனை பேர்? கொழும்புக் கடைப் பையனிடம் சந்தா இல்லை. அதனால் அவன் யாருடைய கணக்கிலும் இல்லை.

கண்பார்வை குறைந்த, நடக்க முடியாத வாக்காளர் தன் நம்பிக்கைக்குரிய ஒருவரை உதவிக்குக் கூட்டிப்போகலாம் என்ற சட்டம் 2011இலிருந்தே இருக்கிறது. உணவு, சாராயம், பணம், பொருள் கொடுத்து வாக்குக் கேட்பதும் மிரட்டிக் கேட்பதும் 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் சட்டப்படி குற்றம். இவை இந்த விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்லப்படுகின்றன. எந்தக் கட்சியின் பெயரும் இதில் இல்லை. இருந்தும் குத்துகிறது என்றால், குத்துகிற இடம் எது என்று குத்துப்படுகிறவருக்கே தெரியும்.

இப்போது அவருடைய வலுவான வாதத்துக்கு வருகிறேன். சிறுபான்மைக்குள் சிறுபான்மையான நமக்கு ஒற்றுமைதான் பலம். சிதறினால் ஒருவரும் போக முடியாது என்கிறார். இந்த அச்சம் பொய்யல்ல. வாக்கில்லாமல் போனால் என்ன நடக்கும் என்று நம் சமூகத்தைப் போல அனுபவித்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. 1947இல் தோட்டத்து வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள், பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா போனார். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலில் நமக்கு ஓர் ஆசனமும் இல்லை. இந்தக் காயம் எனக்கும் உண்டு.

ஆனால் அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரை காலம் கொடுத்தது. விண்ணப்பிக்காதே, பகிஷ்கரி என்று தலைமை சொன்னது. சனம் ஒன்றாக நின்று கேட்டது. கெடு முடியப் போகும் தறுவாயில் தலைமை மனம் மாறி, எல்லோரும் விண்ணப்பியுங்கள் என்றது. சான்றுகளைத் தேட நேரமில்லாமல், அவசர அவசரமாக எழுதப்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அந்தச் சட்டம் கொடுமையானது, அதிகாரிகள் மறுப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் உண்மை. தலைமை ஒரு சொல் சொல்ல, கேள்வியே இல்லாமல் ஒரு சமூகம் முழுவதும் காத்திருந்ததும் உண்மை. சான்றைச் சேர், நகலெடுத்து வை, கெடுவுக்கு முன் கொடு என்று லயம் லயமாகப் போய்ச் சொல்ல அன்று ஆட்கள் இருந்திருந்தால் எத்தனை குடும்பம் மிஞ்சியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது எவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாத சனமாக அதற்குள் நம்மை ஆக்கிவிட்டார்கள்.

வாக்குத் திரும்பக் கிடைத்த பிறகு அந்த ஒற்றுமை என்ன பலன் தந்தது? பதுளை மாவட்டத்தையே பார்ப்போம். 2010 பாராளுமன்றத் தேர்தலில் பதுளையிலிருந்து மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. அன்று வாக்கைப் பிரித்தது எந்தத் தொண்டு நிறுவனம்? வெவ்வேறு பட்டியலில் ஆள் நிறுத்தி, விருப்பு வாக்குக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது சங்கங்கள். தலைமைகள் தங்களுக்குள் பிளந்துகொண்டு, சிதறிய பழியைத் தொழிலாளியின் தலையில் கட்டுகிறார்கள். இப்போது அந்தப் பழிக்கு ஒரு புதிய தலை கிடைத்திருக்கிறது.

2015இல் வடிவேல் சுரேஷும் அ. அரவிந்தகுமாரும் பதுளையிலிருந்து போனார்கள், 2020இலும் போனார்கள். சமூகத்தின் வாக்கு ஒன்றாக விழுந்துதான் அவர்களை அனுப்பியது. 2018 ஒக்டோபரில் நாட்டின் அரசியலமைப்பே கேள்விக்குள்ளானபோது வடிவேல் சுரேஷ் எதிரணி அரசில் பதவி ஏற்றார், பிறகு திரும்பி வந்தார். 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக்கொடுத்த 20ஆவது திருத்தத்துக்கு, அதை எதிர்ப்பதாகச் சொன்ன அணியில் தெரிவான அரவிந்தகுமார் ஆதரவாக வாக்களித்தார். வாக்களித்தவர்களிடம் யாராவது கேட்டார்களா? ஒற்றுமையாக விழுந்த வாக்கு, ஒரு கையில் சேர்ந்தவுடன் அந்தக் கையின் சொத்தாகிவிட்டது. சமூகத்தின் பேரம் பேசும் பலம் என்று நம் தலைவர் புகழ்வது இதைத்தானே?

இன்னும் கனமான ஒன்றைச் சொல்கிறேன். 2014 செப்டம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. நாட்டின் பெரிய தலைவர்கள் எல்லோரும் பதுளை மலைகளில் மேடை போட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அலுவலகத்தில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது, இடையில் வாக்கு மட்டும் வந்து போனது. வேட்பாளரிடம், எங்கள் லயத்தைப் பற்றி அறிக்கை இருக்கிறதாமே, எப்போது எங்களை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கத் தெரிந்த வாக்காளர்கள்தான் அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள். அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுப்பதன் பெயர் சிதறடிப்பு என்றால், அந்தச் சிதறல் நமக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும்.

பிரதேச சபைச் சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்துச் சனம் வாக்களித்துப் பிரதேச சபைக்கு ஆள் அனுப்பும். ஆனால் அந்த ஆள் தான் குடியிருக்கும் லயத்துப் பாதையில் ஒரு கல் போட முடியாது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது அரசாங்கத்தின் அமைச்சரவையில் நம் பெரிய சங்கத்தின் தலைவர் அமைச்சராக இருந்தார். அது திருத்தப்பட்டது 2018இல், முப்பத்தொரு ஆண்டு கழித்து. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற அமைப்புகள் இந்தப் பிரிவைப் பற்றிப் பேசிப் பேசியே பலருக்கு இப்படியொரு தடை இருப்பது தெரியவந்தது. வெளியாள் வந்து சொல்லித்தரும் வரை நம் தலைவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, வெளியாள் ஏன் வந்தார் என்று கேட்கிறோம்.

முற்போக்கு என்ற பெயரில் கட்சி வேலை நடக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு நான் நீட்டிப் பதில் சொல்லப் போவதில்லை. 2024 செப்டம்பரில் பதுளை மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் சஜித் பிரேமதாச. நவம்பரில் அதே மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களில் ஆறு தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அந்த ஆறில் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் மலையகத் தமிழர்கள். பதுளையிலிருந்து பாராளுமன்றம் போன முதல் மலையகத் தமிழ்ப் பெண் அம்பிகா. வாக்குச் சிதறினால் பிரதிநிதி கிடைக்காது என்ற கணக்கு எங்கே பொய்த்தது என்று தலைவர் யோசிக்கட்டும். இந்த இருவரும் நல்லவர்களா, சொன்னதைச் செய்தார்களா என்பது வேறு கேள்வி. செய்யவில்லை என்றால் அடுத்த தேர்தலில் அதே சனம் கேட்கும், கேட்க வேண்டும். ஆளும் கட்சிக்காரர் வந்து வகுப்பெடுக்கிறேன் என்ற பெயரில் சின்னத்தைக் காட்டினால் அவரைப் பிடித்துத் தேர்தல் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க முதல் ஆளாக நான் வருவேன். ஆனால் எதிர்க்கட்சிக்காரருக்குப் பிடிக்காத முடிவை மக்கள் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக, அவர்களுக்கு வாக்குச்சீட்டைக் காட்டியவர்களைக் கட்சிக்காரர்கள் என்று சொல்வது மக்களை அவமதிப்பது. இவர்களுக்குச் சொந்தப் புத்தி இருக்காது, யாரோதான் கெடுத்திருக்க வேண்டும் என்பதல்லவா அதன் பொருள்? நம் சனத்துக்கு எல்லாம் தெரியும் என்று முதலில் சொன்னவரும் இவர்தான்.

பெண்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். சங்கத்தின் தோட்டத் தலைவர் பெரும்பாலும் ஆண்; மாதர் தலைவி என்ற பதவி மேடையில் மாலை போட ஒரு கதிரை. எந்தச் சின்னம் என்பது ஆண்கள் கூடிப் பேசி முடிவாகி, வீட்டுக்கு உத்தரவாக வந்து சேர்கிறது. வாக்கு இரகசியமானது, உன் புருஷனுக்கும் தலைவருக்கும் நீ சொல்லித்தான் தெரியும் என்று ஒரு பெண்ணிடம் இன்னொரு பெண் சொல்லும் இடம் பிள்ளைக்காம்பராக் கூட்டம். நாட்கூலிக்கு 1,700 ரூபா என்று 2024 மே தினத்தில் கொட்டகலையில் அரசு அறிவித்துவிட்டு, வழக்கும் வாபசும் ஆகி, ஜனாதிபதித் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் 1,350 என்று வர்த்தமானி வந்ததே, அதை அந்தக் கூட்டத்தில் பெண்கள் விலாவாரியாகப் பேசுவார்கள். பேர் போடுவதற்கு எத்தனை கிலோ, கைக்காசு எவ்வளவு என்பதை மனக்கணக்காக வைத்திருக்கும் பெண்களுக்கு அந்த 350 ரூபா எங்கே போனது என்று கேட்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பயமில்லாமல் கேட்க ஓர் இடம்தான் வேண்டும். அந்த இடத்தைத்தான் பூட்டச் சொல்கிறார்.

இந்த நிறுவனங்களிடம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தேர்தல் அறிவித்த பிறகு மூன்று வாரம் வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். பதுளையில் ஹோட்டல் மண்டபத்தில் பயிற்சி, பதாகை, சோற்றுப் பார்சல், கையெழுத்து, படம் என்று முடித்து அறிக்கை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்களத்தில் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை லயத்தில் விநியோகித்தவர்களும் உண்டு. பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் மலையில் நிற்கும் பெண் எப்படி வருவார் என்று யோசிக்காதவர்களும் உண்டு. இதற்கெல்லாம் ஒரே மருந்து, ஆண்டு முழுவதும் வா, தமிழில் வா, மாலையில் வா, தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்றி வேலைக்கு வை என்று வற்புறுத்துவது. பெப்ரல் என்ற அமைப்பு 1987இலிருந்து தேர்தலைக் கண்காணித்து வருகிறது. இவ்வளவு அனுபவமுள்ள அமைப்புகளிடம் ஊவாத் தோட்டங்களுக்கென்று நிரந்தர ஏற்பாடு கேட்பது நம் உரிமை. சரியாகச் செய் என்று நாம் சொல்கிறோம். செய்யவே செய்யாதே என்று நம் தலைவர் சொல்கிறார். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அவருக்குத் தெரியாதது அல்ல.

இந்த வேலையைச் சங்கமே செய்திருக்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் கிளை இருக்கிறது, தலைவர் இருக்கிறார், மாதர் தலைவி இருக்கிறார், இளைஞர் அணி இருக்கிறது. மாதிரி வாக்குச்சீட்டு அச்சிடச் செலவு அதிகமில்லை. இத்தனை ஆண்டில் செய்யவில்லை. செய்யாத வேலையைச் செய்ய வருகிறவரைத் தடுப்பதற்கு மட்டும் துரையின் கதவு வரைக்கும் போகிறார்கள்.

தலைவரிடம் ஒரு கோரிக்கை: பிள்ளைக்காம்பராவைப் பூட்டச் சொல்லாமல், அந்தக் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருங்கள். அவர்கள் ஒரு கட்சியின் பெயரைச் சொன்னால் அங்கேயே எழுந்து கேளுங்கள்; சனம் உங்கள் பக்கம் நிற்கும்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. இதை எழுதும் வரை அதற்குத் தேர்தல் இல்லை. அது எப்போது வந்தாலும் இடாப்பில் பெயர் இருந்தால்தான் வாக்கு. லுணுகலையில், மடுல்சீமையில், பசறையில் உங்கள் வீட்டில் பதினெட்டு வயதைத் தொட்ட பிள்ளை இருந்தால், 2021இல் திருத்திய சட்டம் அடுத்த ஆண்டு வரை காத்திராமல் துணை இடாப்பில் பெயரைச் சேர்க்க வழி விட்டிருக்கிறது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையின் பெயரும் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் இந்த மாதமே போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் லயத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.